மொசாம்பிக் தீவின் கோட்டையும் தேவாலயமும்

ஆப்பிரிக்காவின் கீழைக்கரையை ஒட்டி, இந்து மகாசமுத்திரத்தில் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளமே உடையதாய்க் கிடக்கும் இச்சிறு தீவு, 1498இல் வாஸ்கோடகாமா வந்து சேர்ந்த காலத்திலேயே அராபிய வணிகர் பழகிய துறைமுகமாயிருந்து, பின்னர் லிஸ்பனிலிருந்து கோவா செல்லும் போர்த்துகீசியக் கப்பல்கள் பருவக்காற்றை எதிர்நோக்கித் தங்கும் ஸ்தலமாயிற்று.

தீவின் வடமுனையில், அலை மோதும் பாறைமீது 1522இல் எழுந்த மாதா சிற்றாலயம், தென் அரைக்கோளத்தில் எஞ்சியுள்ள ஐரோப்பியக் கட்டடங்களுள் மிகப் பழமையானதெனக் கருதப்படுவது. அதன் கல்வளைவுக் கூரை, மனுவேல் மன்னர் பெயரால் வழங்கும் சிற்பபாணியின் அரிய சாட்சியாகும்.

அதனருகே 1558இல் தொடங்கிய புனித செபஸ்தியார் கோட்டை, மூலைகளில் கொத்தளங்கள் துருத்திநிற்க, பீரங்கி யுத்தத்தை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. 1607இலும் 1608இலும் டச்சுக்காரர் முற்றுகையிட்டும் அது வீழவில்லை. நன்னீர் அரிதான அத்தீவில், மழைநீரைச் சேகரித்துத் தேக்கிய கோட்டையின் நீர்த்தொட்டியே மதிலினும் மேலான பாதுகாப்பு என்று சொல்லுதல் மிகையாகாது. யாத்திரிகர் வியந்து நோக்கவேண்டியது பீரங்கிகளையன்று, அத்தொட்டியையே.

மாளிகைகளும் ஆலயங்களும் நிறைந்த கல்நகருக்குக் கல் வெட்டியெடுத்த பள்ளங்களில்தான், தென்னையோலை வேய்ந்த ஆப்பிரிக்க மக்களின் குடியிருப்பு தாழ்ந்து அமைந்திருக்கிறது. 1898 வரை போர்த்துகீசிய மொசாம்பிக்கின் தலைநகராயிருந்த இத்தீவு முழுவதையும், அக்குடியிருப்பு உட்பட, 1991இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது.