கேள்வி கேட்கலாம், யாரிடம்?

தளவானூர் என்றதும் வரலாற்று ஆர்வலருக்குச் செஞ்சி வட்டாரத்துக் குடைவரைதான் நினைவுக்கு வரும். மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில் அது. பொறியாளர்களுக்கு இன்னொரு தளவானூர் தெரியும். விழுப்புரத்துக்குத் தெற்கே தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அந்த ஊரில், 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டி 2020-இல் திறந்த தடுப்பணை, 2021 ஜனவரியில் எனதிரிமங்கலம் பக்கம் உடைந்தது. அதே ஆண்டு நவம்பரில் தளவானூர் பக்கமும் உடைந்தது.

அணை உடைந்தால் சட்டமன்றத்தில் உறுப்பினர் கேட்பார், அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். இது இன்று நமக்குச் சாதாரணம். இரண்டு தளவானூர்களும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த காலத்தில், கேட்பதே ஒரு சலுகை.

1861-இன் சட்டப்படி சென்னை கவுன்சில் சட்டம் இயற்ற மட்டுமே கூடியது. 1892-இல்தான் கேள்வி கேட்கும் உரிமை வந்தது; அதுவும் முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டு. வந்த பதிலின் மேல் விவாதம் கூடாது. 1909-இல் கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி எழுப்பலாம் என்றார்கள். எழுதி வைத்த பதிலை வாசித்து அமர்ந்துவிடலாம் என்றிருந்த அதிகாரிக்கு இது புதுத் தலைவலி. 1919-இன் சீர்திருத்தத்துக்குப் பின் எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்றானது.

அந்தச் சீர்திருத்தம் தந்த இரட்டையாட்சியில்தான் சிக்கல். கல்வி, சுகாதாரம், வேளாண்மை, உள்ளாட்சி ஆகியவை அமைச்சர்களிடம் வந்தன. நிதி, காவல், நிலவரி, பாசனம் ஆகியவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே தங்கின. 1920 டிசம்பரில் முதல் அமைச்சரவைக்குத் தலைமை ஏற்ற நீதிக்கட்சியின் சுப்பராயலு ரெட்டியார் தென்னார்க்காட்டுக்காரர். ஆனாலும் தன் மாவட்டத்து ஏரி, ஆற்று நீர் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு அவருடையதல்ல. விதை பற்றிய கேள்வி ஒருவருக்கு, விதைக்குத் தண்ணீர் எங்கே என்ற கேள்வி இன்னொருவருக்கு!

அமைச்சரை அவையால் இறக்க முடியும். 1923 நவம்பரில் பனகல் அரசர் அமைச்சரவை மீது சி.ஆர். ரெட்டி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்; அது 44-க்கு 65 என்ற வாக்குகளில் தோற்றது. நிர்வாகக் குழு உறுப்பினரை அசைக்க அப்படி ஒரு வழியே இல்லை. அவருடைய துறைக்கான நிதியை அவை வெட்டினாலும் ஆளுநர் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். கேள்விக்குப் பல் இருந்தது, கடிக்கத்தான் ஆளில்லை.

1937-இல் மாகாண சுயாட்சி வந்தபோது பாசனமும் அமைச்சர் கைக்கு வந்தது. ராஜாஜி அமைச்சரவை 1939 அக்டோபரில் விலகியது. 1946 வரை ஆளுநர் ஆட்சிதான். கேட்க அவையே இல்லை.

இன்றைய பேரவையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் உண்டு. அவசரமென்றால் கவன ஈர்ப்பு இருக்கிறது. தளவானூர் அணை முதலில் உடைந்தபோது பொதுப்பணித் துறை முதல்வர் எடப்பாடி பழனிசாமியிடமே இருந்தது. எதிர்க்கட்சியான திமுக கொதித்தது. இரண்டாம் முறை உடைந்தபோது நீர்வளம் தனித் துறையாகி, திமுகவின் துரைமுருகனிடம் இருந்தது. பத்தே மாதங்களில் கேட்டவர்கள் பதில் சொல்லும் வரிசைக்கும், பதில் சொன்னவர்கள் கேட்கும் வரிசைக்கும் மாறியிருந்தார்கள். அடுத்த ஜனவரியில், 2022-இல், கேள்வி நேரம் முதன்முறையாக நேரலையில் ஒளிபரப்பானது.