ஆசியாவின் முதல் ஜோடிப் பட்டம்

1955 நவம்பர் 16, டோக்கியோ. ஆசிய டேக் டீம் பட்டத்துக்கான இறுதிக் குஸ்தி. ஒரு மூலையில் ஜப்பானியர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய ரிகிடோசான். அவருக்குத் துணையாக ஹவாய்த் தீவில் பிறந்த ஹரால்ட் சகாதா. எதிர்மூலையில் மலை மாதிரி நின்றவர் கிங் காங். அவர் பக்கத்தில் பஞ்சாப் பயில்வான் டைகர் ஜோகிந்தர் சிங். உள்ளூர் ஜோடி தோற்றது. ஆசியக் கண்டத்தின் பெயரால் ஏற்படுத்தப்பட்ட முதல் ஜோடிப் பட்டம், சிங்கப்பூரில் குடியிருந்த ஒரு ஹங்கேரியருக்கும் ஓர் இந்தியருக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜப்பானில் இன்னும் நடப்பில் உள்ள தொழில்முறை மல்யுத்தப் பட்டங்களில் இதுவே மிகப் பழையது. அதன் முதல் பக்கத்தில் இருக்கும் இரண்டு பெயர்களையும் ஜப்பானிய ரசிகர்கள் மறக்கவில்லை. அந்த இரண்டு பயில்வான்களையும் வளர்த்துவிட்ட கூட்டத்தில் தமிழர்களும் இருந்தார்கள் என்பதுதான் நம் பக்கத்தில் யாரும் பேசாத செய்தி.

கிங் காங்கின் இயற்பெயர் எமில் சாயா. 1909-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்தவர். 1933-இல் வெளியான ஹாலிவுட் படத்து ராட்சதக் குரங்கின் பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. அந்த உடம்புக்கு வேறு பெயர் பொருந்தியிருக்காது. உச்சத்தில் இருந்தபோது எடை 180 கிலோவைத் தாண்டியது. தாடியும், மரத்தூண் போன்ற கால்களும், எதிராளியின் மேல் அப்படியே விழுந்து அமுக்கும் வழக்கமுமாக இந்தியா, இலங்கை, மலாயா, சிங்கப்பூர் என்று கோதா கோதாவாகச் சுற்றினார். கடைசியில் சிங்கப்பூரையே வீடாக்கிக்கொண்டார்.

அன்றைய சிங்கப்பூரில் குஸ்திக்கென்றே இடங்கள் இருந்தன. நியூ வேர்ல்ட், கிரேட் வேர்ல்ட், ஹாப்பி வேர்ல்ட் என்று மூன்று கேளிக்கைப் பூங்காக்கள். நாடகம், சினிமா, நடன மேடை, சாப்பாட்டுக் கடை, குத்துச்சண்டை, குஸ்தி என எல்லாம் ஒரே வளாகத்துக்குள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் கடையில் கணக்கெழுதியவரும் சாயங்காலம் போய் நிற்கும் இடம் அது. சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் சீக்கியரும் தோளோடு தோள் உரசி நின்ற இடங்கள் அந்த ஊரில் அதிகம் இல்லை. ஹாப்பி வேர்ல்ட் அரங்கில் குஸ்தி நடந்த இரவுகளில் அது நடந்தது.

அங்கே போன தமிழர்களில் பலர் புதுக்கோட்டை, தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள். நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போன தலைமுறை அது. அப்போது புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் தாலுகாக்கள் மூன்றே: ஆலங்குடி, திருமயம், குளத்தூர். மழையை நம்பிய கண்மாய்ப் பாசனம், வறண்ட செம்மண். கடல் கடந்து பிழைக்கப் போவது இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை.

குஸ்தியும் புதிதில்லை. தமிழ் சினிமாவின் ஆரம்பகால உச்ச நட்சத்திரங்களில் ஒருவரான பி.யு. சின்னப்பா புதுக்கோட்டைக்காரர். பாட்டும் நடிப்பும் மட்டுமல்ல, சிலம்பம், குஸ்தி, பளு தூக்குதல் எல்லாம் முறையாகக் கற்றவர். திரையில் அவர் கத்தி பிடித்த விதத்தில் அந்த உடற்பயிற்சி தெரியும். கர்லாக் கட்டை சுழற்றி, தண்டாலும் பஸ்கியும் எடுத்து வளர்ந்த அந்தத் தலைமுறைக்கு, ஒரு பயில்வானின் தோளைப் பார்த்தே அவன் எத்தனை வருடம் மண்ணில் புரண்டவன் என்று சொல்லத் தெரியும்.

மாடு பிடிப்பைச் சொல்லாமல் புதுக்கோட்டை மாவட்டத்தின் உடல்வீரத்தைப் பேச முடியாது. பழைய குளத்தூர் தாலுகாவில் அடங்கியிருந்த விராலிமலையில், 2019 ஜனவரி 20 அன்று ஒரே நாளில் 1,350-க்கும் மேற்பட்ட காளைகள் வாடிவாசலைத் தாண்டின. அது உலக சாதனையாக அறிவிக்கப்பட்டது. ஜல்லிக்கட்டில் ஒரு கறாரான விதி உண்டு: ஒரு காளையை ஒருவர்தான் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து திமிலில் தொங்கினால் பிடி செல்லாது. ஒலிபெருக்கியில் விழா முடியும் வரை இதையே கத்திக்கொண்டிருப்பார்கள். ஜோடிக் குஸ்தியின் உயிரும் கிட்டத்தட்ட இந்த விதியில்தான் இருக்கிறது.

எப்படி? ஒரு பக்கத்துக்கு இரண்டு பேர். ஆனால் கயிற்றுக்குள் ஒருவர்தான் நிற்கலாம். மற்றவர் மூலையில், கயிற்றுக்கு வெளியே, கம்பத்தில் கட்டிய சிறு கயிற்றுத் துண்டை ஒரு கையில் பிடித்தபடி மறுகையை உள்ளே நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் வந்து அந்தக் கையைத் தொட்டால்தான் ஆள் மாற முடியும். இதில்தான் நாடகமே. அடிபட்டவர் எழ முடியாமல் தவழ்ந்து வருகிறார். விரல் நுனிக்கும் விரல் நுனிக்கும் நடுவில் நான்கு அங்குலம். எதிராளி காலைப் பிடித்து நடு மேடைக்கு இழுத்துப் போகிறான். மறுபடி தவழல். நடுவர் வேறு பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, எதிர்க்கட்சியில் இரண்டு பேரும் உள்ளே புகுந்து சாத்துகிறார்கள். நியாயமாக நிற்பவன் வெளியே நின்று துடிக்கிறான். கடைசியில் கை படும்போது கூரை பெயர்கிற மாதிரி சத்தம் வரும். பார்க்கிறவனுக்கு மொழி தேவையில்லை. விதி மீறப்படுகிறது என்ற கோபமும், கூட்டாளி வந்துவிட்டான் என்ற நிம்மதியும் போதும்.

யார் ஜெயிப்பது என்பது முன்பே பேசி வைக்கப்படும் ஆட்டம் இது. தொழில்முறை மல்யுத்தத்தின் இயல்பு அது. அதனால் விழும் அடி பொய்யாகிவிடாது. 180 கிலோ மனிதன் மேலே விழுந்தால் கீழே இருப்பவனின் விலா எலும்புக்கு முன்கூட்டிய ஒப்பந்தம் எதுவும் தெரியாது. முடிவு தீர்மானிக்கப்பட்டது என்பதால்தான், ஒரு பட்டம் யாருக்குப் போனது என்பதைப் பார்த்து அதை நடத்தியவர்கள் என்ன நினைத்தார்கள் என்று படிக்க முடிகிறது.

ரிகிடோசானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கொரியாவில் பிறந்து, ஜப்பானுக்கு வந்து, சுமோ மல்லராக உயர்ந்து, அதை விட்டு அமெரிக்க பாணிக் குஸ்திக்கு மாறியவர். கொரியப் பிறப்பு வெளியே தெரியாமல் மறைக்கப்பட்டது. ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது 1953-இல். அடுத்த ஆண்டு பிப்ரவரி 19 முதல் மூன்று நாட்கள், டோக்கியோவின் குராமே சுமோ அரங்கில் ரிகிடோசானும் ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுராவும் ஜோடி சேர்ந்து, கனடாவைச் சேர்ந்த ஷார்ப் சகோதரர்களுடன் மோதினார்கள். வீட்டில் தொலைக்காட்சி வாங்க வசதியில்லாத மக்கள், ஷிம்பாஷி ரயில் நிலையத்தின் முன்னால் பொது இடத்தில் வைத்திருந்த பெட்டியைச் சூழ்ந்து கடலாக நின்றார்கள். போரில் தோற்று, அந்நியப் படை ஆண்டு முடித்த நாடு. உயரமான வெள்ளைக்காரர்கள் இருவரை, ரிகிடோசான் கையின் விளிம்பால் வெட்டி வெட்டிச் சாய்த்தபோது தெருவே அழுதது.

அது ஒற்றைக்கு ஒற்றையாக இல்லாமல் ஜோடிக் குஸ்தியாக இருந்தது தற்செயல் இல்லை. கிமுரா அடி வாங்குவார். ரிகிடோசான் கைதொட்டு உள்ளே வந்து பழி தீர்ப்பார். அடிபட்ட நாடும் எழுந்துகொண்ட நாடும் ஒரே மேடையில் இரண்டு ஆட்களாக நின்றன. ஒருவரே இரண்டையும் செய்து காட்டியிருந்தால் அந்த வேகம் வந்திருக்காது. அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று இந்த ஜோடியே எதிரெதிராக மோதி, கிமுரா படுமோசமாக அடிபட்டுத் தோற்றது தனிக் கதை.

வெள்ளைக்காரர்களை அடித்தாயிற்று. அடுத்து ஆசியா. அமெரிக்காவில் 1948-இல் உருவான தேசிய மல்யுத்தக் கூட்டமைப்பின் கீழ் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனிப் பட்டங்கள், தனித்தனி ஜோடிப் பட்டங்கள் இருந்தன. டெக்சாஸுக்கு ஒன்று, சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒன்று என்று. அந்த முறையைத்தான் ரிகிடோசான் ஒரு கண்டத்துக்கு விரித்தார். ஆனால் ஆசியப் பட்டம் என்று சொல்ல ஆசியாவில் ஏற்கெனவே பெயரெடுத்த பயில்வான்கள் வேண்டுமே? ஜப்பானுக்கு வெளியே அப்போது ஓர் உயிருள்ள குஸ்தி வட்டம் இருந்தது: பம்பாய், மதராஸ், கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர். கிங் காங்கும் ஜோகிந்தரும் அந்த வட்டத்திலிருந்து அழைக்கப்பட்டவர்கள். இந்த ஊர்களில் டிக்கெட் எடுத்து ஆரவாரம் செய்த கூட்டம் இல்லையென்றால், டோக்கியோவில் இவர்களின் பெயருக்கு மதிப்பே இருந்திருக்காது.

ஜோகிந்தர் சாதாரண ஆள் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 1954-இல், பம்பாயில் நடந்த, இந்தியாவின் சாம்பியனைத் தீர்மானிக்கும் ருஸ்தம்-ஏ-ஹிந்த் போட்டியின் இறுதிச் சுற்று வரை வந்தவர். அங்கே அவரைத் தோற்கடித்தவர் தாரா சிங். அந்தத் தாரா சிங்கும் சிங்கப்பூர் தயாரித்த ஆள்தான். 1940-களின் இறுதியில் பிழைப்புக்காக அங்கே போய், ஆலையில் வேலை பார்த்தபடி கிரேட் வேர்ல்ட் அரங்கில் பயிற்சி எடுத்து, மலாயா சாம்பியனாகி ஊர் திரும்பியவர். பின்னாளில் கிங் காங்கைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினார் என்ற செய்தி இந்தியா முழுக்கப் பரவியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வம்புக்கு வருபவனைப் பார்த்து “நீ என்ன பெரிய தாரா சிங்கா?” என்று கேட்கும் வழக்கம் இன்னும் போகவில்லை.

டோக்கியோவில் நவம்பர் 16 அன்று அந்நியர்களை ஜெயிக்கவிட்டதன் காரணம், ஆறு நாள் கழித்துப் புரிந்தது. நவம்பர் 22-இல் ஒற்றையர் ஆசியப் பட்டத்துக்காக ரிகிடோசானும் கிங் காங்கும் மோதினார்கள். ஜோடியில் தோற்ற ரிகிடோசான் ஒற்றையில் வென்றார். ஜோடிப் பட்டத்தைக் கொடுத்து எதிராளியைப் பெரிதாக்கிவிட்டு, அந்தப் பெரியவனைத் தனியாக வீழ்த்துவது. கூட்டத்தின் மனதைத் துல்லியமாக அறிந்த வேலை அது. கிங் காங்கும் ஜோகிந்தரும் ஊர் திரும்ப, ஜோடிப் பட்டம் சில ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்தது.

தோற்ற ஜோடியில் இருந்த சகாதாவை உலகமே பிறகு பார்த்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பளு தூக்கி வெள்ளி வென்றவர் அவர். 1964-இல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ ஜேம்ஸ் பாண்ட் படத்தில், தொப்பியை வீசிக் கழுத்தறுக்கும் ஆட்ஜாப் அவர்தான். எதிர்மூலையில் நின்றவரின் பெயரும் திரைக்குப் போனது: ‘கிங் காங்’ என்ற பெயரிலேயே 1962-இல் தாரா சிங் நடித்த இந்திப் படம் வந்தது.

ஆசிய ஜோடிப் பட்டம் 1960-இல் ரிகிடோசான், தொயோனோபொரி ஜோடியிடம் வந்து சேர்ந்தது. 1963 டிசம்பரில் ஓர் இரவு விடுதியில் கத்திக்குத்துப் பட்ட ரிகிடோசான் ஒரு வாரத்தில் இறந்தார். அவருடைய சீடர்களான ஜயண்ட் பாபாவும் அன்டோனியோ இனோகியும் வெவ்வேறு துணைகளுடன் இந்தப் பட்டத்தைச் சுமந்தார்கள். 1972-இல் இருவரும் பிரிந்து ஆளுக்கொரு நிறுவனம் தொடங்க, அடுத்த ஆண்டு ரிகிடோசானின் பழைய நிறுவனம் மூடப்பட்டது. 1976-இல் பாபாவின் ஆல் ஜப்பான் நிறுவனம் பட்டத்தை மீட்டெடுத்தது. கிரேட் கோஜிகா, மோடோஷி ஓகுமா ஜோடி அதை நெடுநாள் தங்கள் சொத்தாகவே வைத்திருந்தது. 1980-களின் இறுதியில் தோஷியாகி கவாடா போன்ற இளைஞர்கள் கைக்கு வந்தபோது, பெரிய பட்டங்களுக்கு ஏறும் முதல் படியாக அது மாறியிருந்தது. ஒரு கண்டத்தின் பட்டம் ஒரே நிறுவனத்தின் இரண்டாம் வரிசைப் பட்டமாகச் சுருங்கியது வருத்தம்தான். ஆனால் பெரிதாகக் கிளம்பிய எத்தனையோ பட்டங்கள் அடையாளமின்றிப் போன தொழிலில், இது நிலைத்தது.

இந்தியாவில் அந்த அளவுக்கு எதுவும் நிலைக்கவில்லை. தாரா சிங் தம்பி ரந்தாவாவோடும் தனியாகவும் மேடைகளை நிரப்பினார். 1968 மே 29 அன்று பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வென்று உலகப் பட்டம் பெற்றார். 1983-இல் டெல்லியில் ஓய்வு பெற்றார். அவரோடு அந்த வட்டமும் ஓய்ந்துவிட்டது. தனி மனிதரை நம்பி நடந்த தொழில் அது. பட்டத்தைக் காத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க ஒரு நிறுவனம் உருவாகவே இல்லை. 1990-களில் கேபிள் டிவி வந்து அமெரிக்க மல்யுத்த நட்சத்திரங்களான அண்டர்டேக்கரையும் கேனையும் வீட்டுக்குள் கொண்டுவந்தபோது, பையன்கள் பெட்டிக்கடைகளில் மல்யுத்தச் சீட்டு வாங்கி விளையாடினார்கள். கூட்டாளியின் கையைத் தட்டி ஆள் மாற்றும் ஆட்டம் பள்ளி மைதான மணலுக்கு வந்தது. 2012-இல் ‘ரிங் கா கிங்’ என்ற நிகழ்ச்சிக்காக, புனேயின் பாலேவாடியில் இந்திய மேடையில் ஒரு ஜோடிப் பட்டம் ஏற்படுத்தினார்கள். முதலில் வென்ற புல்டாக் ஹார்ட், சாவோ கெரேரோ இருவருமே இந்தியர்கள் அல்லர். நிகழ்ச்சி ஒரே பருவத்தோடு நின்றது. பட்டமும் அதோடு போயிற்று.

கிங் காங் 1970-இல், கார் விபத்தில் பட்ட காயத்தால் சிங்கப்பூரில் இறந்தார். அவர் காலத்துச் சிங்கப்பூரின் தமிழ் நாளிதழ், கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’. அதன் பழைய இதழ்களை அந்நாட்டு தேசிய நூலக வாரியம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. தமிழர்கள் பார்த்த குஸ்தியின் வரலாற்றை எழுத நினைக்கும் புதுக்கோட்டை மாணவர் ஒருவர், கப்பலேறாமலே அங்கிருந்து தொடங்கலாம்.