பேராசிரியர் அக்பர்ஷாவின் ஆய்வுகளும் மாத்தளை விவசாயியும்

குழந்தைப் பேறில்லாத வீட்டில் குற்றம் முதலில் மனைவியின் மீதே சுமத்தப்படுகின்றது. தமிழ்க் குடும்பமாயினும் முஸ்லிம் குடும்பமாயினும் இவ்விடயத்தில் நாம் ஒரே தவறையே செய்து வருகின்றோம். உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் தமது வாழ்நாளில் கருவளமின்மையை எதிர்கொள்வதாக உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவித்தது. இத்தகைய தம்பதியரில் ஏறத்தாழ அரைப் பங்கினரிடத்தே கணவனின் குறைபாடும் காரணமாகவோ துணைக் காரணமாகவோ அமைகின்றது.

ஆணின் கருவளம் எங்கே, எதனால் கெடுகின்றது என்ற வினாவைத் தமது ஆய்வுப் பணியின் மையமாகக் கொண்டவர்களுள் ஒருவர் பேராசிரியர் எம்.ஏ. அக்பர்ஷா. தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இவரின் கவனம் பெரிதும் 'எபிடிடிமிஸ்' எனும் உறுப்பின்மீதே குவிந்திருந்தது. விதையை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் இக்குழாயை நீட்டினால் மனிதரில் ஏறத்தாழ ஆறு மீற்றர் நீளம் இருக்கும். விதையில் இரண்டரை மாத காலத்தில் உருவாகும் விந்தணு, வெளியேறும்போது நீந்தவோ கருக்கட்டவோ வல்லதன்று. இக்குழாயைக் கடக்கும்போதே அது அத்திறனைப் பெறுகின்றது.

இங்கு ஏற்படும் சிறு பிழையும் பெருங் கேடாகலாம். உதாரணமாக, புதிய விந்தணுவின் கழுத்தில் சிறு துளியாக எஞ்சியிருக்கும் குழியவுரு, பயணத்தின்போது கழன்றுவிட வேண்டும். நச்சுப் பொருட்களுக்கு ஆளான எலிகளில் அத்துளி கழலாமல் விந்தணுவுடனேயே தங்கிவிடுவதை அக்பர்ஷாவும் அவரது மாணவர்களும் 2000 ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில் எடுத்துக்காட்டினர். புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்ரின், பூச்சிநாசினியான பொஸ்பமிடோன், பங்கசுநாசினியான காபென்டசிம் ஆகியவை ஆண் எலிகளின் இனப்பெருக்க உறுப்புகளுக்கும் விந்தணுக்களுக்கும் விளைவிக்கும் சேதங்களையும் இக்குழுவினர் 1990களிலும் 2001 இலும் பதிவு செய்தனர். காபென்டசிம் கருவளத்தைப் பாதிக்கக்கூடியது என்றே இன்று ஐரோப்பிய ஒன்றியமும் வகைப்படுத்தியுள்ளது.

மூலிகை என்பதனாலேயே ஒரு பொருளை இவர் சோதனைக்கு அப்பாற்பட்டதாகக் கருதவில்லை. நிலவேம்பிலுள்ள அன்ட்ரோகிரபொலைட் எனும் பொருள் ஆண் எலிகளின் விந்தணுக்களைப் பாதிப்பதாக 2000 இல் இவரது குழு எழுதியது. வேறு ஆய்வு கூடங்கள் அத்தகைய பாதிப்பைக் காணவில்லை என்பதையும் நாம் சேர்த்தே கூற வேண்டும். எலியில் கண்டதை அவ்வாறே மனிதருக்குப் பொருத்துவதும் முறையன்று.

ஆயினும் மனிதரிலும் இது நிகழும் என்பதற்கு வரலாறு சான்று பகர்கின்றது. 1977 இல் கலிபோர்னியாவின் லாத்ரொப் நகரில் டீ.பீ.சீ.பீ. எனும் நூற்புழுநாசினியைத் தயாரித்த தொழிலாளர்கள், தங்களுள் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை என்பதைத் தாமாகவே கண்டுகொண்டனர். பரிசோதனையில் பலரின் விந்தணு எண்ணிக்கை குறைந்திருந்தது. சிலரிடம் அறவே இல்லை. 1979 இல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பாவனைகளைத் தடை செய்தது. நஞ்சிலிருந்து விலகிய பின்னர் சிலர் மீண்டனர், எல்லோரும் மீளவில்லை.

இச்செய்தி மாத்தளை மாவட்டத்திற்குப் புறம்பானதன்று. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் குவியும் மரக்கறிகளுக்குப் பின்னால், முதுகில் தெளிகருவியைச் சுமந்து மருந்தடிக்கும் விவசாயி ஒருவர் இருக்கின்றார். கையுறையும் முகக்கவசமும் இன்றி, நனைந்த சாரத்துடன் வயலில் நிற்பவருக்குத் தலைச்சுற்றும் வாந்தியும் மாத்திரமே நஞ்சின் அடையாளமாகத் தெரிகின்றன. உள்ளே மெல்ல நிகழக்கூடிய சேதம் வலிப்பதில்லை.

நூற்றுக்கணக்கான எலிகளைக் கொண்டே இத்துறை வளர்ந்தது. அத்துறையில் உழைத்த அக்பர்ஷாவே, உயிரியல் கல்வியில் விலங்குகளைப் பயன்படுத்துவதற்கு மாற்று வழி தேடும் மகாத்மா காந்தி-டோரன்காம்ப் மையத்தைப் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தலைமையேற்று நடத்தியமை குறிப்பிடத்தக்கது. மாணவர் விலங்குகளை அறுத்துக் கற்கும் முறையைப் படிப்படியாகக் கைவிடுமாறு இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 2011 இல் வழிகாட்டல்களை வெளியிட்டது. தமது துறையின் வழமையையே மீள் பரிசீலனை செய்யும் துணிவு ஆய்வாளருக்கு அழகாகும்.

நமது சமூகத்திற்கும் அத்துணிவு வேண்டும். குழந்தை தாமதித்தால் கணவனும் மனைவியும் ஒன்றாகவே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். ஆணுக்கான விந்துப் பரிசோதனை எளிதானது; அதற்கு முன் மனைவியைப் பல சோதனைகளுக்கு உட்படுத்துவதும் மறுமணம் பேசுவதும் அநீதியாகும். மருந்தடிப்பவர் தொழில் விபரத்தை வைத்தியரிடம் மறைக்காது கூற வேண்டும். விவசாயப் போதனாசிரியர்கள் பயிரின் பாதுகாப்புடன் விவசாயியின் உடற் பாதுகாப்பையும் போதிக்க வேண்டும். பயிரைக் காக்கத் தெளிக்கும் மருந்து, அதைத் தெளிப்பவனின் சந்ததியைப் பறித்துவிடலாகாது.