வாத்துக்குஞ்சு கண்டுபிடிச்ச விஷம்

ஒரு சின்ன கொசுவத்தியோட ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்குங்க மக்களே.

போன மழைக்காலத்துல எங்க சித்தப்பா நூறு வாத்துக்குஞ்சு வாங்கி விட்டார். விழுப்புரம் பக்கம் கிராமம். முதல் ரெண்டு வாரம் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா தீனி எடுக்காம ஒதுங்க ஆரம்பிச்சுது. நடந்தா தள்ளாட்டம், காலெல்லாம் கன்னிப்போன மாதிரி ஊதா நிறம். கடைசியில கழுத்தைப் பின்பக்கமா வளைச்சு, ரெண்டு காலையும் பின்னால நீட்டிக்கிட்டு செத்துப் போகும். ஒரே வாரத்துல நாற்பது குஞ்சு காலி.

கால்நடை டாக்டர் வந்தார். செத்ததுல ரெண்டை அறுத்து ஈரலைப் பார்த்தார். "வைரஸால வர்ற ஈரல் நோய்லயும் இப்படித்தான் கழுத்து வளையும். எதுக்கும் முதல்ல தீனியைக் காட்டுங்க" என்றார். மூட்டையைப் பிரிச்சா கடலைப் புண்ணாக்கு. ஓரமெல்லாம் பச்சை பச்சையா பூசணம்.

"அது மேலாப்புல இருக்கிறதுதான் சார். தட்டிட்டு, வெயில்ல காயவெச்சுதான் போடுறேன்."

"பூசணம் போயிடும். அது விட்டுட்டுப் போன விஷம் போகாது. வேக வெச்சாலும் போகாது."

மருந்து கேட்டதுக்கு, இதுக்கு மாத்து மருந்தே கிடையாது, இந்தத் தீனியை இப்பவே நிறுத்துங்க, நல்ல தீனி, சுத்தமான தண்ணி, கொஞ்சம் வைட்டமின், அவ்வளவுதான் என்று சொல்லிட்டுப் போயிட்டார். தீனி மாத்தின பிறகும் நாலஞ்சு செத்துச்சு. மத்தது பிழைச்சுக்கிச்சு.

அந்த விஷத்தோட பேர் அஃப்லடாக்ஸின். சித்தப்பா மேல இருந்த பரிதாபத்துல தேட ஆரம்பிச்சேன், ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு. காரணம், இப்படி ஒரு விஷம் உலகத்துல இருக்குன்னு மனுஷனுக்குத் தெரிஞ்சதுலயே வாத்துக்குஞ்சுக்குப் பெரிய பங்கு இருக்கு.

1960-ம் வருஷம், இங்கிலாந்து. அந்தக் கோடையில தெற்கிலயும் கிழக்கிலயும் இருந்த பண்ணைகள்ல வான்கோழிக் குஞ்சுங்க கொத்துக் கொத்தா செத்துச்சு. சில மாசத்துல ஒரு லட்சத்துக்கும் மேல. என்ன நோய்னு தெரியாததால "டர்க்கி எக்ஸ்" என்று பேர் வெச்சாங்க. (நம்ம ஆபீஸ்ல காரணம் தெரியாத பக்-க்கு வைக்கிற பேர் மாதிரியே இருக்கு இல்ல?) முதல்ல எல்லாரும் தேடினது கிருமியைத்தான். ஆனா ஒரு குஞ்சுகிட்ட இருந்து இன்னொண்ணுக்குத் தொத்தவே இல்லை. அதே சமயம் வாத்துக்குஞ்சும் ஃபெசன்ட் குஞ்சும்கூட இதே மாதிரி செத்துச்சு.

அப்புறம் பழைய டெக்னிக்: செத்த பண்ணைக்கெல்லாம் பொதுவா என்ன இருக்கு? பெரும்பாலான பண்ணைங்க லண்டனைச் சுத்தி ஏறக்குறைய நூறு மைலுக்குள்ள இருந்துச்சு. தீனி போனது ஒரே ஆலையில இருந்து. அந்தத் தீனியில புதுசா சேர்ந்திருந்தது பிரேசில்ல இருந்து கப்பல்ல வந்த கடலைப் புண்ணாக்கு. நம்ம ஊர் மல்லாட்டையோட பூர்வீகமே தென் அமெரிக்காதான்கிறது தனிக் கதை.

சரி, பிரேசில் சரக்குல ஏதோ கலந்துடுச்சு, அதை நிறுத்தினா போதும்னு கேஸை மூடியிருக்கலாம். மூடவிடாம பண்ணினது வாத்துக்குஞ்சு. ஆப்பிரிக்காவுல கென்யா, உகாண்டா பக்கம் அந்த ஊர்லயே விளைஞ்ச கடலையைத் தின்ன வாத்துக்குஞ்சுகளும் இதே அறிகுறியோட செத்திருந்துச்சு. அப்போ தப்பு ஒரு கப்பல்லயோ ஒரு நாட்டுலயோ இல்லை, கடலைக்கு எங்கே வேணும்னாலும் வரக்கூடிய ஏதோ ஒண்ணு.

அந்த ஒண்ணு 1961-ல சிக்குச்சு. உகாண்டா கடலையில இருந்து பிரிச்சு வளர்த்த ஆஸ்பெர்ஜிலஸ் ஃபிளேவஸ் என்கிற பூஞ்சணம். ஆஸ்பெர்ஜிலஸ்ல இருந்து 'அ', ஃபிளேவஸ்ல இருந்து 'ஃப்ல', கூட ஒரு டாக்ஸின். பேர் ரெடி.

ஆனா பூஞ்சணம் கிடைச்சா விஷம் கிடைச்ச மாதிரி ஆகாதே. புண்ணாக்குல ஆயிரம் சங்கதி இருக்கும். அதுல எது கொல்லுதுன்னு பிரிச்சுப் பிரிச்சுப் பார்க்கணும். ஒவ்வொரு முறை பிரிச்ச பிறகும் "விஷம் இந்தப் பக்கம் இருக்கா, அந்தப் பக்கமா?" என்று சொல்ல ஒரு கருவி வேணும். அந்தக் கருவிதான் முட்டையில இருந்து வந்து ஒரே நாள் ஆன வாத்துக்குஞ்சு. வேபிரிட்ஜ்ல இருந்த மத்திய கால்நடை ஆய்வகத்துல ஆஸ்ப்ளின், கார்னகன் என்ற ரெண்டு பேர், மத்ததைவிட வாத்துக்குஞ்சுதான் இந்த விஷத்துக்கு முதல்ல விழும்னு காட்டியிருந்தாங்க. சாகாத அளவு கொடுத்தாக்கூட ஏழு நாள்ல ஈரலுக்குள்ள பித்தக்குழாய் செல்லுங்க கன்னாபின்னான்னு பெருகியிருக்கும். வெட்டி மைக்ராஸ்கோப்ல வெச்சா தெரிஞ்சிடும்.

எவ்வளவு கொஞ்சம் போதும்னு கேட்டா தலை சுத்தும். 1963-ல அளந்தாங்க. ஐம்பது கிராம் எடையுள்ள குஞ்சுகள்ல பாதியைக் கொல்ல, குஞ்சுக்கு 18 மைக்ரோகிராம் பி1 போதும். ஒரு கிராமுல ஐம்பதாயிரத்துல ஒரு பங்கைவிடக் குறைவு. கோழிக்குஞ்சுக்கு, எடைக்கு எடை, இதைப்போல பத்து மடங்குக்கும் மேல வேணும். இத்தனைக்கும் விஷம் நேரா கொல்றது இல்லை. உள்ளே போனதை ஈரலே வேற ஒரு பொருளா மாத்துது, அந்தப் பொருள்தான் செல்லுக்குள்ள புகுந்து நாசம் பண்ணுது. வீட்டுக்காரனே கதவைத் திறந்துவிட்ட கதை.

இப்படிக் குஞ்சுகளைப் பலி கொடுத்துப் பிரிச்சதைப் புற ஊதா வெளிச்சத்துல காட்டினப்போ, ஒண்ணு நீலமா மின்னுச்சு, இன்னொண்ணு பச்சையா. இங்கிலீஷ்ல ப்ளூ, க்ரீன். அதனாலதான் பி, ஜி என்று பேர். இந்த பி1, ஜி1 எல்லாம் ஏதோ பெரிய ரசாயன ஃபார்முலான்னு நினைச்சுட்டு இருந்தேன். சப்புன்னு ஆயிடுச்சு :)

1963-ல அமெரிக்காவுல எம்.ஐ.டி. ஆளுங்க அதோட மூலக்கூறு அமைப்பையும் சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடியே இன்னொரு கெட்ட சேதி வந்திருந்துச்சு. விஷப் புண்ணாக்கு தின்ன எலிகளுக்கு ஈரல்ல புற்றுநோய். அப்புறம் கார்னகன் மிகக் குறைஞ்ச அளவுல வாத்துகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், 1965-ல முடிவு வந்துச்சு: அதுகளுக்கும் ஈரல்ல கட்டி. அதுவரைக்கும் பண்ணை நஷ்டமா இருந்தது, அதுக்கப்புறம் மனுஷன் பிரச்சினை ஆயிடுச்சு.

இங்கேதான் நம்ம ஊர் கதை வருது, எழுதவே கஷ்டமா இருக்கு. அந்தக் காலத்துல ஊட்டமில்லாம வயிறு வீங்கிக் கிடந்த குழந்தைகளுக்குப் புரதம் கொடுக்க, மலிவாக் கிடைக்கிறது கடலை மாவுதான்னு உலகமே நம்பிட்டு இருந்துச்சு. மைசூர்ல அப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்த மாவுல இந்த விஷம் இருந்திருக்கு, தெரியாமலே. பின்னாடி அந்தக் குழந்தைகளுக்கு ஈரல் சுருக்கம். 1971-ல அந்த ஆராய்ச்சியாளர்களே கட்டுரையா வெளியிட்டாங்க. நல்லது செய்யப் போய் நடந்தது. யாரைத் திட்டுறது?

1974-ல ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பக்கம், பன்ஸ்வாரா, பஞ்சமஹால் மாவட்டங்கள்ல, பருவம் தப்பின மழையில நனைஞ்ச மக்காச்சோளத்தைத் தின்ன 397 பேருக்கு மஞ்சள் காமாலை, வயித்துல நீர். 106 பேர் இறந்துட்டாங்க. பெரும்பாலும் பழங்குடி மக்கள், கைவசம் வேற தானியம் இல்லாதவங்க. அந்த வீட்டு நாய்களும் அதே நோயில செத்திருக்கு, அதே சாப்பாட்டைத் தின்னதால. பூசணம் புடிச்சதைத் தூக்கிப் போடுங்கன்னு சொல்றது சுலபம், அடுத்த வேளைக்கு வேற இருக்கிறவங்களுக்கு.

இப்ப விஷத்தைக் கண்டுபிடிக்க வாத்துக்குஞ்சைக் கொல்றது இல்லை. மெஷின் இருக்கு, சில நிமிஷத்துல சொல்ற பட்டையும் இருக்கு. கோழிப் பண்ணைக்காரங்க "டாக்ஸின் பைண்டர்" என்று ஒரு வகை களிமண் பொடியைத் தீனியில கலக்குறாங்க, அது விஷத்தைக் குடலுக்குள்ளயே ஓரளவு பிடிச்சு வெச்சுக்கும். ஆனா நூறு குஞ்சு வளர்க்கிற எங்க சித்தப்பா மாதிரி ஆளுங்களுக்கு, மூட்டையைத் தரையில போடாம பலகை மேல வைக்கிறதும், ஈரம் படாம பார்க்கிறதும், மழைக்காலத்துல கொஞ்சம் கொஞ்சமா வாங்குறதும்தான் மருத்துவம்.

விட்டுப்போச்சே. டாக்டர் கிளம்புறப்போ சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார். "மூட்டைக்கு ரெண்டாயிரத்துக்கு மேல குடுத்திருக்கேன் சார். வாத்துக்குதானே ஆகாது, மாட்டுக்குப் போட்டுடலாமா?"

அதுக்கும் 1963-லயே பதில் இருக்கு. விஷப் புண்ணாக்கு தின்ன மாடு நல்லாத்தான் நின்னுச்சு. ஆனா அதோட பாலை எடுத்து ஒருநாள் வாத்துக்குஞ்சுக்குக் கொடுத்தப்போ, குஞ்சோட ஈரல்ல அதே சேதம். விஷம் லேசா உருவம் மாறி பாலுக்குள்ள வந்திருந்துச்சு. அதுக்கு இப்ப எம்1 என்று பேர், எம் ஃபார் மில்க்.

டாக்டர் இவ்வளவெல்லாம் சொல்லலை. "வீட்டுல யார் பால் குடிக்கிறாங்க?" என்று மட்டும் கேட்டார். சித்தப்பா திண்ணையில விளையாடிட்டு இருந்த பேத்தியைப் பார்த்தார். சாயந்திரமே வாய்க்கால் மேட்டுல குழி வெட்டி மூட்டையோட புதைச்சாச்சு.