மச்சான் இல்லீங்க, பரண்!

சந்தாபுராவிலிருந்து ஆனேக்கல் தாண்டிப் போனோம். பன்னேர்கட்டா காட்டோரம், ராகிக் கொல்லை நடுவே ஒரு பரண். "வள்ளி உட்கார்ந்தது இதுலயாப்பா?" என்றாள் மகள்.

நல்ல கேள்விதான்! வள்ளி பரணில் தினை காத்தாள். பின்னாளில் அதே பரணில் துப்பாக்கி ஏறியது. வெள்ளைக்காரர்கள் அதை 'மச்சான்' என்றார்கள் (நம்ம மச்சான் இல்லீங்க!). பெங்களூரு கென்னத் ஆண்டர்சனின் (1910-1974) வேட்டைக் கதைகளில், மனுஷன் ராத்திரி பூரா மச்சானில் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991 திருத்தத்தில் மான் வேட்டைக்கான உரிமமும் ஒழிந்தது. சொந்த நிலமானாலும் வேட்டை கூடாது. துப்பாக்கி இறங்கிவிட்டது, விவசாயி மட்டும் இறங்கவில்லை. யானைக்குப் பயந்து, அறுப்பு முடியும்வரை ராக்காவல்.

ஊரைவிட்டு வந்து நாங்கள் வீடு வாங்கிய லேஅவுட்டும் முன்பு ராகிக் கொல்லையாம். யாருடைய பரண் நின்ற இடத்தில் நான் நிம்மதியாகத் தூங்குகிறேனோ, தெரியவில்லை.