‘டாக்கீஸ்’ என்னும் சொல்லின் மரபு

திரை நட்சத்திரங்களை விருந்தினராக அழைத்து, 2015-இல் தொடங்கிய கன்னடத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி ‘மஜா டாக்கீஸ்’. இதனை 2013-இல் தொடங்கிய இந்தி நிகழ்ச்சியான ‘காமெடி நைட்ஸ் வித் கபில்’ என்பதன் சாயலாக மட்டும் கருதுவது போதாது. பெயரிலுள்ள ‘டாக்கீஸ்’ என்ற சொல் பேசும்படத்தையும், பின்னர் அதைத் திரையிட்ட அரங்கையும் குறித்தது.

நிகழ்ச்சியை நடத்திய சிருஜன் லோகேஷின் பாட்டனார் சுப்பையா நாயுடு நாடகக் கலைஞர். 1934-இல் பெங்களூரில் வெளியான முதல் கன்னடப் பேசும்படம் ‘சதி சுலோசனா’வின் நாயகர். தந்தை லோகேஷ் மேடையிலும் திரையிலும் நடித்தவர். நாடகம், திரை, தொலைக்காட்சி ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளில் தொடர்ந்தன.

‘சதி சுலோசனா’வின் பிரதி இன்று எஞ்சவில்லை. ஆகவே, வடிவம் எங்கிருந்து வந்தது என்பதோடு, அதை நிகழ்த்துவோர் எந்த மரபிலிருந்து வந்தனர் என்பதையும் ஊடக வரலாறு பதிவுசெய்ய வேண்டும்.