சாவா மூவாப் பேராடு

சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு தொடர் ‘சாவா மூவாப் பேராடு’. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க 90 ஆடுகளைக் கொடையாகக் கொடுப்பார்கள், சில இடங்களில் 96. அவற்றை ஏற்றுக்கொள்ளும் இடையர் தினமும் உழக்கு நெய் அளந்தாக வேண்டும். ஆடு கிழடாகும், சாகும். அதன் இடத்தைக் குட்டி நிரப்பிவிடும். கணக்கில் 90 எப்போதும் 90தான்.

அந்தக் கணக்கில் என்ன இன ஆடு என்று எழுதத் தேவையிருக்கவில்லை. கிடா பக்கத்து ஊர்க் கிடாவாகத்தான் இருக்கும், குட்டியும் அந்த மண்ணின் குட்டியாகத்தான் இருக்கும். இன்றைக்கு இந்த இரண்டுக்கும் உத்தரவாதம் கிடையாது. தலை எண்ணிக்கை அப்படியே இருக்க, உள்ளே இனம் மட்டும் கரைந்துபோக முடியும்.

தொண்டை மண்டலத்தின் ஆடு ‘மெட்ராஸ் ரெட்’, தமிழில் சென்னைச் சிவப்பு. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர்ப் பக்கங்களில் மேய்வது. செம்பழுப்பு நிறம், சிலவற்றுக்கு நெற்றியில் வெள்ளை. கம்பளி கிடையாது, குட்டை முடிதான். வளர்ந்த கிடா சுமார் 35 கிலோ, பெட்டை 23 கிலோ. மேச்சேரி, வேம்பூர், கீழக்கரிசல், கச்சைகட்டிக் கருப்பு என்று பதிவு பெற்ற தமிழ்நாட்டுச் செம்மறி இனங்களில் இதுவும் ஒன்று.

சென்னையின் மேற்கு முழுக்க இதன் மேய்ச்சல் நிலமாக இருந்த பகுதிதான். 1949இல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. அறுபதுகளிலேயே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும். பிறகு வயல்கள் மனைகளாயின. செம்மறிக்கு வேண்டியவை அறுவடை முடிந்த வயலின் தாள், கோடையில் ஏரி உள்வாயில் முளைக்கும் புல், ஊர்ப் புறம்போக்கு. மூன்றும் சுருங்கினால் நூறு ஆட்டுப் பட்டி முப்பதாகும். அடுத்த தலைமுறை ஆட்டை விற்றுவிட்டு வேறு வேலைக்குப் போகும்.

இத்தனைக்கும், மாநில அளவில் சென்னைச் சிவப்பு அழிவின் விளிம்பில் இல்லை. அந்த நிலையில் இருப்பது நீலகிரி ஆடு. அப்புறம் என்ன கவலை?

கவலை கணக்கில் இருக்கிறது. நூறு ஆட்டுப் பட்டியில் 3 கிடா, 97 பெட்டை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குட்டிக்கும் பாதி மரபணு அந்த மூன்று கிடாக்களில் ஒன்றிலிருந்து வருகிறது. கிடா, பெட்டை எண்ணிக்கைகளைப் பெருக்கி, அதை நான்கு மடங்காக்கி, மொத்தத்தால் வகுத்தால் வருவது கிட்டத்தட்ட 12. அதாவது மரபணு ரீதியாக அது நூறு ஆட்டுப் பட்டி இல்லை, பன்னிரண்டு ஆட்டுப் பட்டி. இந்த எண் 50க்குக் கீழே போகக் கூடாது என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் பரிந்துரை. வெளியிலிருந்து கிடா வராவிட்டால் அந்தப் பட்டியில் தலைமுறைக்கு 4 சதவீதம் அளவில் உள்ளினச் சேர்க்கை ஏறும். குட்டிகள் சோனியாகப் பிறக்கும், சாவு கூடும்.

சரி, வெளியூர்க் கிடாவைக் கொண்டுவந்து விட்டால்? அங்கே எதிர்ப்பக்க ஆபத்து. கென்யாவில் மாசாய் மக்களின் சிவப்பு ஆடு குடற்புழுவைத் தாங்கி வளரக்கூடியது. எழுபதுகளில் தென்னாப்பிரிக்காவின் டார்ப்பர் கிடா பெரிய உடம்போடு வந்து இறங்கியது. எல்லோரும் அதோடு சேர்த்தார்கள். வறட்சியும் புழுவும் வந்தபோது கலப்பு ஆடுகள் தடுமாறின. திரும்பிப் பார்த்தால் கலப்பில்லாத பழைய ஆட்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஓர் இனத்துக்குள் என்ன இருந்தது என்பது பல சமயம் அது போன பிறகுதான் தெரிகிறது.

விந்தை உறையவைத்துச் சேமித்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். என் தொழிலில் சொல்வார்கள்: பேக்கப் எடுப்பது பெரிய வேலையில்லை, ரீஸ்டோர் ஆகிறதா என்பதுதான் கேள்வி. பெட்டையின் கருப்பை வாய் மடிப்பு மடிப்பாக இருப்பதால் உறைவிந்து ஊசியில் செம்மறிக்குச் சினை பிடிப்பது குறைவு. பெட்டைகள் அழிந்து விந்து மட்டும் மிஞ்சினால், வேற்றினப் பெட்டையில் தொடங்கி ஐந்து தலைமுறை திரும்பத் திரும்பச் சேர்த்தாலும் 97 சதவீதம்தான் மீளும். அதற்கும் மேய்க்க ஆளும் நிலமும் வேண்டும்.

ஆகவே உயிருள்ள பட்டியில் காப்பதுதான் வழி. காட்டுப்பாக்கத்தில் (பூந்தமல்லிக்காரர்கள் நினைக்கும் காட்டுப்பாக்கம் அல்ல, பொத்தேரிப் பக்கம் இருப்பது) கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இதைச் செய்துவருகிறது. விவசாயிகளின் மந்தைகளிலேயே எடையைப் பதிவுசெய்து, நல்ல சென்னைச் சிவப்புக் கிடாக்களைத் தேர்ந்து கொடுக்கிறது. கிடா ஊர் மாறுகிறது, இனம் மாறுவதில்லை.

பழைய கல்வெட்டுகளில் கொடுத்தவர் பெயரோடு, ஆட்டை ஏற்றுக்கொண்ட இடையரின் பெயரும் பல இடங்களில் இருக்கும். ஆடு சாகாமல் இருந்ததற்கு அந்த ஆள் காரணம், அவர் மேய்க்க நிலமிருந்தது காரணம். ஆவடிக்கு அந்தப் பக்கம் காலி மனைகளுக்கு நடுவே முப்பது ஆட்டை ஓட்டிப்போகிறவர் இன்றைக்கும் அதே பொறுப்பைத்தான் சுமக்கிறார். ஏரி உள்வாயில் அவருக்குக் கொஞ்சம் புல் மிச்சம் வைக்கிறோமா என்பதில்தான் மற்றதெல்லாம் இருக்கிறது.